அக்குள் ஈரம்

நர்ஸாக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். இரவு டியூட்டி. பருத்திக்கு மருந்தடித்துவிட்டு வந்த ஒருவரை மனைவியும் மச்சானும் ஆட்டோவில் கொண்டுவந்து போட்டார்கள். நாற்பது வயது இருக்கும். முதுகில் மாட்டியிருந்த டாங்க் ஒழுகி, சட்டையின் பின்பக்கம் முழுக்க நனைந்திருக்கிறது. வெயிலில் காய்ந்துவிடும் என்று அதே சட்டையோடு பொழுது சாயும்வரை அடித்து முடித்திருக்கிறார். வரப்பில் ஏறும்போது தலைசுற்றல், வீட்டுக்கு வந்ததும் வாந்தி, பேதி, அப்புறம் மூச்சு வாங்கல். எங்களிடம் வந்தபோது வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் கண்மணி கடுகளவு. ஸ்டெத் வைக்கவே வேண்டாம். கட்டில் பக்கத்தில் நின்றாலே நெஞ்சுக்குள் உலை கொதிக்கிற சத்தம் கேட்டது.

டாக்டர் சக்‌ஷனும் ஆக்சிஜனுமாக மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்க, இன்சார்ஜ் அக்கா இரண்டு ஜோடி கையுறை மாட்டிக்கொண்டு கத்தரியால் அந்தச் சட்டையை வெட்டி எடுத்தார். பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, வெளியே வராந்தாவில் வைத்துவிட்டு வந்தார். தலைமுடி, காதுமடல், நகக்கண் என்று சோப்புத் தண்ணீரால் தேய்த்தார். "இந்தச் சட்டை மேல கெடக்குற வரைக்கும் நீ எத்தன ஊசி போட்டாலும் அது உள்ள எறங்கிட்டேதான் இருக்கும்" என்றார்.

எனக்குக் கொடுத்த வேலை அட்ரோபின் போடுவது, இந்த விஷத்துக்கு எதிர்மருந்து அது. ஆம்பியூல் ஒன்றில் 0.6 மில்லிகிராம்தான் இருக்கும். மூன்றில் ஆரம்பித்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்து, சரியாகவில்லை என்றால் இரட்டிப்பாக்கச் சொன்னார் டாக்டர். மூன்று, ஆறு, பன்னிரண்டு. உடைத்து உடைத்துக் கட்டைவிரலில் ரத்தம் வந்துவிட்டது. பன்னிரண்டு போட்டு முடித்ததும் நாடியைப் பார்த்தேன், 126. படித்த அட்டவணை கண்முன் வந்தது. அட்ரோபின் போட்டால் இதயத் துடிப்பு கூடும். கூடிவிட்டது. போதும் என்று நிறுத்திவிட்டேன். டாக்டர் பக்கத்து கேஸுக்குப் போயிருந்தார்.

அக்கா திரும்பி வந்து ட்ரேயைப் பார்த்தார். "ஏன் நிறுத்திட்ட?"

"பல்ஸ் 126-க்கா."

"கக்கத்துல கை வச்சுப் பாத்தியா?"

நான் முழித்தேன். அவரே என் கையைப் பிடித்து நோயாளியின் அக்குளுக்குள் வைத்தார். சொதசொதவென்று இருந்தது. நெஞ்சில் இன்னும் கொதி அடங்கவில்லை. டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டு, அடுத்த இருபத்து நான்கையும் நாங்கள் இருவருமாக உடைத்துப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுச் சத்தம் குறைந்தது. மறுபடி கை வைத்தேன். காய்ந்திருந்தது.

அன்றைக்கு என் தப்பு எங்கே இருந்தது என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. அட்டவணையில் தப்பில்லை. அதைப் படித்த நான்தான், மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது வார்டுக்குப் போஸ்டிங் வரும் நர்சிங் பிள்ளைகளுக்குத் தானியங்கு நரம்பு மண்டலம் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் நான் அக்குளிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். பாடப்புத்தகத்தில் வியர்வைச் சுரப்பிக்கு ஒரு நட்சத்திரக் குறி போட்டு அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். பரீட்சைக்கு அந்த வரியை யாரும் படிப்பதில்லை. வார்டில் எனக்கு அதிகம் உதவியது அந்த ஒரு வரிதான்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம்மைக் கேட்காமலே உடம்புக்குள் நடக்கிற வேலைகளை இரண்டு கூட்டம் நரம்புகள் நடத்துகின்றன. தெருநாய் துரத்தும்போது மேலோங்குவது சிம்பதெடிக். இதயம் அடித்துக்கொள்ளும், கண்மணி விரியும், மூச்சுக்குழாய் அகலும், வாய் உலரும், குடல் வேலையை நிறுத்திவிடும். மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாயும்போது மேலோங்குவது பாராசிம்பதெடிக். எல்லாமே தலைகீழ். தமிழ்ப் புத்தகங்கள் முதலாவதைப் பரிவு நரம்பு மண்டலம் என்கின்றன. யாரோ அகராதியை வைத்துக்கொண்டு நேராகப் பெயர்த்துவிட்டார்கள். இதயத்தைச் சாட்டையால் அடித்து ஓட்டுகிற நரம்புக்குப் பரிவு என்று பெயர்! எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

இந்த நரம்புகள் உறுப்பைத் தொட்டு இழுப்பதில்லை. நுனியில் ஒரு ரசாயனத்தைச் சிந்துகின்றன, அவ்வளவுதான். 1921-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி இதைக் காட்டினார். சோதனையின் யோசனை அவருக்குக் கனவில் வந்தது. தூக்கக் கலக்கத்தில் ஒரு தாளில் கிறுக்கி வைத்தார், காலையில் தன் எழுத்தையே படிக்க முடியவில்லை. மறுநாள் இரவு அதே கனவு. இந்த முறை எழுதிக்கொண்டிருக்காமல் நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். தவளையின் இதயம் ஒன்றில் வேகஸ் நரம்பைத் தூண்டி அது மெதுவாகத் துடிக்கும்படி செய்தார். அந்த இதயம் கிடந்த திரவத்தை எடுத்து, நரம்பே இல்லாத இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது. திரவத்தில் இருந்த சங்கதிதான் அசிடைல்கோலின். பாராசிம்பதெடிக் நரம்பு நுனியில் சிந்துவது இது. சிம்பதெடிக் நுனியில் சிந்துவது நார்அட்ரினலின், அட்ரினலினின் உடன்பிறப்பு.

இங்கேதான் அந்த நட்சத்திரக் குறி. வியர்வைச் சுரப்பிக்கு வருவது சிம்பதெடிக் நரம்பு. பயத்தில் வியர்க்கிறதே, அதனால் இதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நரம்பு சிந்துவது அசிடைல்கோலின். கட்சி ஒன்று, கொடி வேறு. இங்கிலாந்தில் ஹென்றி டேலும் வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க்கும் 1934-இல் இதைப் பூனையின் உள்ளங்காலில் கண்டுபிடித்தார்கள். பூனைக்கு அங்கேதான் வியர்க்கும்.

வார்டில் இதனால் என்ன பயன்? அட்ரோபினைப் போல அசிடைல்கோலினை மறிக்கிற மருந்து வியர்வையை நிறுத்தும், அட்ரினலினை மறிக்கிற மருந்தால் வியர்வை நிற்காது. இதை மட்டும் இப்போது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

டேலும் லோவியும் 1936 டிசம்பர் 10 அன்று ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு வாங்கினார்கள். நரம்பு ரசாயனத்தால் சேதி அனுப்புகிறது என்று கண்டதற்காக. பதின்மூன்று நாள் கழித்து, டிசம்பர் 23 அன்று, ஜெர்மனியின் லெவர்குசனில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்கிற வேதியியலாளர், பயிர்ப்பூச்சியைக் கொல்ல மருந்து தேடிக்கொண்டிருந்தவர், டபுன் என்று பின்னால் பெயர் வைக்கப்பட்ட ஒரு பொருளைத் தயாரித்தார். அடுத்த மாதம் அதில் ஒரு துளி மேஜையில் சிந்தியது. அவருக்கும் உதவியாளருக்கும் கண்மணி சுருங்கி, விளக்கு வெளிச்சம் மங்கி, மூச்சு முட்டியது. ஒருவர் கண்டுபிடித்த சேதிக்காரனை இன்னொருவர் பைத்தியமாக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார், ஒரே மாதத்தில். பூச்சிக்கு என்று தேடியது நாஜி ராணுவத்தின் கைக்குப் போனது. யூதரான லோவியை 1938-இல் நாஜிகள் சிறையில் போட்டு, நோபல் பணத்தை அவர்கள் வங்கிக்கு மாற்றிக் கொடுத்த பிறகே நாட்டைவிட்டுப் போகவிட்டார்கள்.

அந்தக் குடும்பத்தின் சாதுவான உறவுகள்தான் நம் ஊர் உரக்கடைகளில் புட்டியில் இருக்கின்றன. சாது என்றால் டபுனோடு ஒப்பிடும்போது, அவ்வளவே. அவை செய்வது ஒரே வேலை. அசிடைல்கோலினைக் கரும்பலகையில் எழுதுகிற சேதி என்று வைத்துக்கொண்டால், எழுதின மறுகணம் அழிக்க ஒரு டஸ்டர் உண்டு. அசிடைல்கோலினெஸ்டரேஸ் என்கிற நொதி. பூச்சிமருந்து அந்த டஸ்டரைப் பிடுங்கிக்கொள்கிறது. எழுதியது அழியாமல் மேலே மேலே எழுதிக்கொண்டே போகிறது. மத்தியானத் திண்ணைத் தூக்கம் வெறி பிடித்துப் போகிறது. எச்சில், கண்ணீர், மூக்குநீர், பேதி, தன்னை மறந்த சிறுநீர், சுருங்கின கண்மணி. ஆளைக் கொல்வது இவற்றில் எதுவும் இல்லை. மூச்சுக்குழாய்க்குள் ஊறும் நீர், அந்தக் குழாய் இறுகிப்போவது, இதயம் மெதுவாவது, ஆரம்பத்தில் பெரும்பாலும் இந்த மூன்றும்தான்.

அப்படியென்றால் என் நோயாளிக்கு நாடி ஏன் 126? இதுதான் அட்டவணை சொல்லாதது. அசிடைல்கோலினுக்கு இரண்டு வகைப் பூட்டு உண்டு. காளானிலிருந்து எடுத்த மஸ்கரினுக்குத் திறக்கிற பூட்டு ஒன்று, புகையிலையின் நிகோட்டினுக்குத் திறக்கிற பூட்டு இன்னொன்று. அட்ரோபின் மறிப்பது முதலாவதை மட்டும். நிகோட்டினிக் பூட்டு கைகால் தசைகளிலும் இருக்கிறது, சிம்பதெடிக் நரம்புகளின் இடைச் சந்திப்புகளிலும் இருக்கிறது. அங்கேயும் அசிடைல்கோலின் பெருகினால் சிம்பதெடிக் கூட்டமும் கிளம்பிவிடும், நாடி ஏறும். ஆக்சிஜன் குறைந்தாலும் ஏறும். ஆகவே பூச்சிமருந்து கேஸில் வேகமான நாடி அட்ரோபின் போதும் என்பதற்குச் சாட்சி அல்ல, அட்ரோபினை ஆரம்பிக்காமல் இருப்பதற்குக் காரணமும் அல்ல. கண்மணி விரிய நேரம் பிடிக்கும், அதுவும் நம்பத்தக்க சாட்சி இல்லை. நெஞ்சு தெளிய வேண்டும், அக்குள் காய வேண்டும், நாடி எண்பதுக்கு மேலும் மேல் பிபி எண்பதுக்கு மேலும் நிற்க வேண்டும். அதுவரை இரட்டிப்பு. அப்புறம், மொத்தம் எவ்வளவு போயிருக்கிறதோ அதில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை, மணிக்கு மணி சொட்டாக ஏற்றுவது.

ஒரு சின்ன விஷயம். நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல். காட்டில் அடிப்பதும் மருந்து, ஆஸ்பத்திரியில் ஏற்றுவதும் மருந்து. எந்த மருந்து என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், புட்டி கிடைத்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். "மருந்துப் புட்டிய எடுத்துட்டு வாங்க" என்று சொன்னதற்கு ஒரு அம்மா தன் சர்க்கரை மாத்திரைப் புட்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் இரவு. அதே நோயாளி. அவர் மனைவி ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "நர்ஸம்மா, இவருக்கு ஏதோ சேந்துக்கிச்சு. இல்லாததையெல்லாம் புடிக்கிறாரு." போய்ப் பார்த்தேன். காற்றில் பஞ்சு எடுப்பதுபோல விரல்களைக் குவித்து எதையோ பறித்துப் பறித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தார். போர்வையைக் கிள்ளினார். யாருடனோ கூலிக் கணக்குப் பேசினார். தோல் நெருப்பாகக் காய்ந்தது, 102 டிகிரி. அக்குள் காகிதம் மாதிரி உலர்ந்து கிடந்தது. வயிற்றில் ஸ்டெத் வைத்தேன், குடல் சத்தமே இல்லை. அடிவயிறு கல்லாக உப்பியிருந்தது, சிறுநீர் தேங்கி.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அட்ரோபின் கூடிப்போயிருந்தது. சிவன் தலையில் சூடுகிற ஊமத்தை இருக்கிறதே, அதன் காயைத் தின்றவனுக்கும் இதேதான் நடக்கும், அதற்குள் இருப்பதும் அட்ரோபின் குடும்பம்தான். ஐரோப்பாவில் இதே சரக்கு பெல்லடோனாச் செடியில். அழகி என்று பொருள். கண்மணி விரிந்து கண் பெரிதாகத் தெரிய அங்கே பெண்கள் அதன் சாற்றைக் கண்ணில் விட்டுக்கொண்டார்களாம். அட்ரோபின் என்ற பெயரோ உயிர்நூலை வெட்டுகிற கிரேக்கத் தெய்வம் அட்ரோபோஸிடமிருந்து வந்தது. ஒரே செடிக்கு அழகியின் பெயரும் எமனின் பெயரும்.

டாக்டர் சொட்டை நிறுத்தச் சொன்னார். சிறுநீர்க் குழாய் போட்டோம், ஈரத்துணி போட்டுத் துடைத்தோம், ஃபேனை அவர் பக்கம் திருப்பினோம். குழப்பம் அடங்கினதும் முன்னைவிடக் குறைந்த வேகத்தில் மறுபடி ஆரம்பித்தார். வியர்க்க முடியாத உடம்புக்குச் சூட்டை வெளியே தள்ள வழி இல்லை. சித்திரை மாதத்தில், தகரக் கூரை வார்டில், அட்ரோபின் ஓடுகிற நோயாளியின் காய்ச்சலைத் தொற்று என்று எழுதி ஆன்டிபயாடிக்கை மாற்றுவதற்கு முன்னால் அக்குளைத் தொட்டுப் பாருங்கள். முதல் நாள் சொதசொத, இரண்டாம் நாள் காகிதம். நடுவில் எங்கோ ஓர் இடத்தில் நிறுத்தி வைப்பதுதான் நம் வேலை. கேஸ் ஷீட்டில் எழுதுவது டாக்டர், ஆனால் மணிக்கு மணி கை வைத்துப் பார்த்துச் சொல்லப்போவது நாம்தானே.

இதே சண்டையை ஆபரேஷன் தியேட்டரில் தினமும் சின்ன அளவில் வேண்டுமென்றே நடத்துகிறோம் என்பது உங்களுக்குத் தோன்றியிருக்கிறதா? மயக்கம் தெளிவிக்கும்போது நியோஸ்டிக்மின் 2.5 மில்லிகிராமும் கிளைகோபைரோலேட் 0.5 மில்லிகிராமும் சேர்த்துப் போடுவார்கள். நியோஸ்டிக்மினும் அந்த டஸ்டரைத்தான் பிடுங்குகிறது, கொஞ்ச நேரத்துக்கு மட்டும். தளர்த்தி வைத்த தசைகள் எழுந்து மூச்சு விட அசிடைல்கோலின் வேண்டும். ஆனால் அது இதயத்துக்கும் எச்சில் சுரப்பிக்கும் போய்ச் சேரும். அங்கே போகாமல் கதவைச் சாத்துவது கிளைகோபைரோலேட். நாகம் கடித்து இமை தொங்கி வருபவருக்கு அட்ரோபின் 0.6 கொடுத்துவிட்டு நியோஸ்டிக்மின் 1.5 கொடுத்துப் பார்ப்பதும் இதே கணக்குதான். கட்டுவிரியன் கடிக்கு அது பலிக்காது. அந்த விஷம் அசிடைல்கோலினைச் சிந்துகிற நுனியையே அழித்துவிடுகிறது.

சரி, அட்ரினலின் பக்கம் வருவோம். அட்ரினலினுக்கும் இரண்டு வகைப் பூட்டு, ஆல்ஃபா, பீட்டா என்று 1948-இல் சொன்னவர் அமெரிக்காவின் ரேமண்ட் ஆல்குவிஸ்ட். முதலில் அனுப்பிய ஆய்விதழ் அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. பின்னால் அதை வைத்துத்தான் ஜேம்ஸ் பிளாக் புரோப்ரனலாலை உருவாக்கி 1988-இல் நோபல் வாங்கினார். ஆல்ஃபா ரத்தக்குழாயை இறுக்கும், பீட்டா ஒன்று இதயத்தை ஓட்டும், பீட்டா இரண்டு மூச்சுக்குழாயை விரிக்கும். ஒவ்வாமையில் சுருண்டு விழுபவருக்குத் தொடையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலின் போட்டால் மூன்றும் ஒருசேர நடக்கும். அதனால்தான் ஏவில், ஹைட்ரோகார்டிசோன் போன்ற மற்ற ஊசிகள் எதுவும் அதன் இடத்துக்கு வர முடியாது. இதில் எனக்குச் சமாதானமே கிடையாது. அவற்றை முதலில் தேடி அலமாரியைக் குடைகிற கையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

நார்அட்ரினலினில் நான் பட்டது ஒன்று. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், பெரிய ரத்தநாளத்தில் சென்ட்ரல் லைன் போடும்வரை என்று புறங்கை ஊசியில் ஓட்டிக்கொண்டிருந்தோம். பிபி ஏறுகிறதா என்று மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன், கையைப் பார்க்கவில்லை. போர்வையை விலக்கியபோது ரத்தநாளத்தோடு ஒரு சாண் நீளத்துக்குத் தோல் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மருந்து வெளியே கசிந்து அங்கிருந்த குழாய்களை நெரித்துவிட்டது. நிறுத்தினோம், ஊசியை உருவாமல் அதன் வழியாகவே இழுக்க முடிந்ததை இழுத்தோம், கையை உயர்த்தி வைத்தோம், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம். ஐஸ் வைத்தால் இன்னும் இறுகும். ஆல்ஃபாவை மறிக்கும் ஃபென்டோலமின் கிடைத்தால் சுற்றிலும் போடுவார்கள். அன்றைக்கு அது கிடைக்கவில்லை. தோல் கொஞ்சம் போயிற்று. அந்தப் பாட்டியின் கை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது முன்னால் சொன்னதற்கு வருகிறேன், அட்ரினலினை மறிக்கிற மருந்தால் வியர்வை நிற்காது என்றேன் அல்லவா. கல்லீரல் கெட்டுப்போய், உணவுக்குழாயில் ரத்தக்கசிவு வராமல் இருக்க புரோப்ரனலால் எடுத்துக்கொண்டிருந்தவர் ஒருவர். சர்க்கரையும் உண்டு, இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். காலை உணவு வண்டி வரத் தாமதம். மாணவி ஒருத்தி வந்து, "மேம், அந்த பெட் ஐயாவுக்கு நல்லா வேர்க்குது, கரண்ட் வேற போயிடுச்சு" என்றாள். நாடி 68. கை நடுங்கவில்லை. படபடப்பு இல்லை என்கிறார். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. சர்க்கரை பார்த்தோம், 42.

சர்க்கரை விழும்போது அட்ரினலின் அலறும், நாடி ஓடும், கை நடுங்கும். பீட்டாவை மூடிவிட்டதால் அந்த அலறல் வெளியே கேட்கவில்லை. வியர்வை மட்டும் கேட்டது, ஏனென்றால் அது வேறு கொடி. பீட்டா மறிப்பான் எடுப்பவரிடம் மிஞ்சும் ஒரே சாட்சி சில சமயம் அதுதான். நெற்றி ஈரமாக இருந்தால் மின்விசிறியைப் பார்ப்பதற்கு முன்னால் குளுக்கோமீட்டரை எடுங்கள்.

என் பெரியப்பாவுக்கு நேர்ந்தது வேறு மாதிரி. வாலிபத்தில் இருந்த ஆஸ்துமா அறுபத்தெட்டு வயதில் திரும்பி வந்துவிட்டது என்று குடும்பமே நம்பிக்கொண்டிருந்தது. என்ன மாத்திரை சாப்பிடுறீங்க என்று எல்லாரும் கேட்டார்கள், பிபி மாத்திரை ஒன்று என்று அவரும் சொன்னார். கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தை யாரும் கேட்கவில்லை, அவரும் அதை மருந்து என்று நினைக்கவில்லை. கண் அழுத்தத்துக்கு டிமோலால். கண்ணில் விட்ட சொட்டு கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி, அங்கிருந்து கல்லீரலைத் தொடாமல் நேரே ரத்தத்தில் கலக்கும். அதுவும் பீட்டா மறிப்பான்தான், மூச்சுக்குழாயை இறுக்கும். சொட்டை மாற்றியதும் இளைப்பு நின்றது. ஆகவே வயதானவர் இளைத்துக்கொண்டு வந்தால் "கண்ணுக்கு என்ன பெரியப்பா விடுறீங்க?" என்று ஒரு கேள்வி. எந்தச் சொட்டு விட்டாலும் கண்ணின் உள்மூலையை இரண்டு நிமிஷம் விரலால் அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம் தேள். செந்தேள் கொட்டி வரும் குழந்தையைப் பார்த்தால் முதலில் பூச்சிமருந்து கேஸோ என்று தோன்றும். வாந்தி, எச்சில், குளிக்க வைத்தது போன்ற வியர்வை. இதற்கு அட்ரோபினைக் கையில் எடுத்துவிடக் கூடாது. அந்த விஷம் நரம்பு நுனிகளைத் திறந்துவிட்டு இரண்டு கூட்டத்தையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடும். முதலில் அசிடைல்கோலின் பக்கம் தலைகாட்டும், அதன் பின்னாலேயே அட்ரினலின் வெள்ளமாக வரும், பிபி ஏறும், கைகால் சில்லிடும், இதயம் தாங்காமல் நுரையீரலில் நீர் கோக்கும். இந்தத் தேளுக்கு 1798-இல் ஃபப்ரீசியஸ் வைத்த பெயர் தமுலஸ். பெயரிலேயே நம் வாடை அடிக்கிறது, ஆனால் சிகிச்சைக்கு வழி காட்டியது கொங்கணம். மகாராஷ்டிரத்தின் மகாட் என்னும் சிற்றூரில் ஹிம்மத்ராவ் பவஸ்கரும் அவர் மனைவி பிரமோதினியும், ஆல்ஃபாவை மறிக்கும் மலிவான பிரசோசின் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் பிழைத்தார்கள். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

மருந்து எப்போது போதும் என்பதற்கு அவர்கள் எதைப் பார்க்கச் சொன்னார்கள் தெரியுமா? கைகால் சூடாகி, வியர்வை உலர வேண்டும். பிரசோசின் நேரே வியர்வையை நிறுத்துவதில்லை, விஷத்தின் வேகம் தணிவதற்கு அது அடையாளம். மறுபடி அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம். ஒரு எச்சரிக்கை, பிரசோசின் முதல் வேளையில் பிபியைச் சட்டென்று இறக்கும். குழந்தையைத் தோளில் தூக்கி அலைய வேண்டாம், எழுப்பி உட்கார வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். நின்றுகொண்டே சொன்னால் கேட்க மாட்டார்கள்.

பருத்திக்காரர் கதையை முடிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் தெளிந்து, காபி கேட்டார். எல்லாருக்கும் நிம்மதி. ரவுண்ட்ஸுக்கு முன்னால் இன்சார்ஜ் அக்கா கட்டிலருகே போய், "அண்ணே, தலைய மட்டும் தலகாணிலேருந்து தூக்குங்க பாப்போம்" என்றார். அவர் முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது, தலை எழவில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கால் மணி நேரத்தில் டாக்டர், மாலைக்குள் வென்டிலேட்டர்.

நெஞ்சு தெளிந்து, அக்குள் காய்ந்து, நாடி சீராகி எல்லாம் நன்றாக இருக்கும்போது, ஒன்று முதல் நான்கு நாளுக்குள் கழுத்தும் தோளும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகும். 1987-இல் இலங்கை மருத்துவர்கள் நிமால் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் இதைத் தனியாக அடையாளம் கண்டு எழுதினார்கள். இடைநிலை நோய்க்குறி என்று பெயர். தசையில் இருப்பது நிகோட்டினிக் பூட்டு. அட்ரோபின் அதன் பக்கமே போவதில்லை, எத்தனை ஆம்பியூல் உடைத்தாலும். நொதியை விடுவிக்கிற பிராலிடாக்சிம் (சுருக்கமாக PAM) மருந்தைக் கொடுப்பார்கள், அதன் பலன் பற்றி ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே இருக்கின்றன. இங்கே அக்குள் ஒன்றும் சொல்லாது. தலையணையிலிருந்து தலை எழுகிறதா என்று ஒவ்வொரு ஷிப்டிலும் கேட்பதுதான் வழி. அன்றிலிருந்து நான் கேட்காமல் ஒப்படைத்தது இல்லை.

பத்து நாளுக்கு மேல் ஆயிற்று அவர் குழாய் எடுத்து எழுந்து உட்கார. டிஸ்சார்ஜ் அன்று சட்டையைக் கேட்டார். வெட்டிப் போட்டுவிட்டோம், குப்பைக்குப் போய்விட்டது என்றேன். அவர் முகம் விழுந்தது. பையில் அன்றைய கூலி இருந்திருக்கிறது.

இன்சார்ஜ் அக்கா மருந்து அலமாரியைத் திறந்து மேல்தட்டிலிருந்து ஒரு பழைய எக்ஸ்ரே கவரை எடுத்தார். அன்று ராத்திரியே நோட்டுகளை எடுத்து, கையுறையோடு சோப்பு போட்டுக் கழுவி, ட்ரேயில் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறார். எனக்கே தெரியாது. அவர் வாங்கி எண்ணினார். அப்புறம் ஒரு நோட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டுக் கையை எட்டத் தள்ளினார்.

"இன்னும் வாடை போகல சிஸ்டரம்மா."